பின்சீட்டு மைக்

சுரேந்திரன் வீட்டில் பேச்சு நின்றுபோய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. "தண்ணி வந்துட்டு", "கேஸ் தீந்து போச்சி", "சோறு வச்சிருக்கு" என்ற அளவில் வாய் திறக்கத்தான் செய்தார்கள். அதையெல்லாம் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் தாதர் ஸ்டேஷன் அறிவிப்பையும் பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் அந்த வீடு அப்படி இல்லை. சுரேந்திரன் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் பம்பாய் தாராவிக்கு வந்தவன். சயானில் ஒரு கராஜில் ஒயரிங் வேலை பழகி, பிறகு தாராவியிலேயே தொண்ணூறடி ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டான். கடை என்றால், ஒருவன் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், இன்னொருவன் நின்றுகொண்டு அவனிடம் தகராறு செய்யலாம், அவ்வளவு இடம். ஆட்டோ ஹாரன், கார் ஸ்டீரியோ, டாக்ஸி மீட்டர் என்று வேலைக்குக் குறைவில்லை. பாதிப் பேர் வேலைக்காக வந்தார்கள், மீதிப் பேர் அவன் வாயைக் கேட்க வந்தார்கள். மனைவி பானுமதி அவனுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை காலைத் தேநீரில் இருவரும் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு முருகம்மாள் சுவரைத் தட்டுகிற வரை ஓயாது. நடுவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகள் பிரேமலதா, "ஒரு வீட்ல அப்பாவாவது பேசணும், இல்ல அம்மாவாவது பேசணும். ரெண்டு பேரும் பேசினா நான் எப்படிப் படிக்கது?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். மாட்டுங்காவில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பிள்ளை.

அந்த ஜூலையில் மழை விடாமல் கொட்டியது. லதா முழங்கால் தண்ணீரில் நடந்து காலேஜுக்குப் போய் வந்தாள். காய்ச்சல் வந்தது. மழைக்காய்ச்சல்தானே என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தான் சுரேந்திரன். ஒரு சாயங்காலம் பானுமதி, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டாள். அவன் கையில் ஒரு காரின் வேலை பாதியில் கிடந்தது. நாளைக் காலையில் போகலாம் என்று சொல்லிவிட்டான். காலையில் போனார்கள். டாக்டர்கள் ஓடினார்கள், ரத்தம் எடுத்தார்கள், கிட்னி போய்விட்டது என்றார்கள். லதா வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்துதான் பானுமதி வாயை மூடிக்கொண்டாள். அழுது தீர்த்தவள்கூட இல்லை. தோல்பை தைக்கும் பட்டறைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். லதாவின் பேரை மட்டும் எடுக்கவில்லை. அந்த மௌனத்தின் அர்த்தம் தனக்குத் தெரியும் என்றே சுரேந்திரன் நினைத்திருந்தான். 'நாளைக்கு' என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவள் நெஞ்சில் வைத்திருக்கிறாள். நீதான் என் பிள்ளையைக் கொன்றாய் என்று ஒரு தடவை வாய் திறந்து சொல்லிவிட்டால்கூட ஆறுதலாக இருக்கும் என்று ஏங்கினான். அவளைப் பேசவைக்க அவனுக்கு வழி தெரியவில்லை. கேட்கவும் பயம்.

இப்படி இருக்கும்போதுதான் வேங்கடசுப்ரமணியன் சாரின் வண்டி கடைக்கு வந்தது. மாட்டுங்காக்காரர், கப்பல் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டுக்குக் குடிபோன நண்பர் ஒருவரிடமிருந்து அந்தக் காலத்து ஜப்பான் டூரிங் பைக்கை வாங்கி வைத்திருந்தார். பைக் என்று சொல்லத்தான் பைக், பின்சீட்டுக்குச் சாய்மானமும் கைப்பிடியும் வைத்த சோபா அது. முன்னால் ரேடியோ, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். ஹெல்மெட்டுக்குள் மைக்கும் இயர்போனும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி ஒயர். அவற்றை வண்டியில் சொருகினால் ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் அந்த ரேடியோப் பெட்டி வழியாகவே பேசிக்கொள்ளலாம். செம்பூரில் ஒரு கராஜ்காரன் இதைத் தூக்கி எறிந்துவிட்டுச் செல்போனோடு சேர்கிற புதுசைப் போடச் சொல்லியிருக்கிறான். சார் ஒப்பவில்லை. மனைவி பத்மஜாவோடு அதில் பேசிக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றியவர். அவருக்கு அந்தப் பழைய டப்பாவே வேண்டும்.

"பாருங்கோ சுரேந்திரன், அவ பின்னாடி உக்காந்துண்டு பன்வெல் வரைக்கும் பேசிண்டே வருவா. எனக்கு நடுநடுவுல வெறும் கரகரன்னுதான் கேக்கும். எறங்கினப்புறம், கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லலேன்னு சண்டைக்கு வருவா" என்றார்.

அந்தப் பழுதின் குணம் அதுதான். பின்சீட்டு மைக்கில் மட்டும் குறை. பேசுகிறவளுக்குத் தன் குரல் போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. சுரேந்திரன் பெட்டியைக் கழற்றி, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ஈயத்தைப் புதிதாகப் பற்றவைத்துப் பார்த்தான். நிறுத்தி வைத்துப் பேசினால் மணி மாதிரிக் கேட்டது. தனியாக ஓட்டினால் ரேடியோ அருமையாகப் பாடியது. பின்னால் ஆள் உட்கார்ந்து, வண்டி ஓடி, குலுங்கினால்தான் கோளாறு வெளியே வரும். பத்மஜா அம்மாவோ மகளின் பிரசவத்துக்காகக் கல்யாண் ஊருக்குப் போயிருந்தாள். பின்னால் உட்கார்ந்து விடாமல் பேச ஓர் ஆள் வேண்டும்.

தொண்ணூறடி ரோட்டில் பேச ஆளா கிடைக்காது? ஆனால் சுரேந்திரன் பானுமதியைத்தான் கேட்டான். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. மாட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தான். அவளோ, சேலையில் அதில் உட்கார முடியுமா என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவிலிருந்து லதாவின் சுடிதார் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவன் பார்த்தான். பத்மஜா அம்மாவின் ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டி, ஒயர்களைச் சொருகினான்.

சயான் தாண்டும் வரை மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"பேசு பானு. என்ன வேணும்னாலும் பேசு. நிறுத்தாம பேசினாத்தான் எங்க அறுந்து போவுதுன்னு தெரியும்" என்றான்.

என்ன பேசுவது என்று தெரியாமல் அவள் ரயில் ஸ்டேஷன்களைச் சொன்னாள். குர்லா, திலக்நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்த் என்று பன்வெல் வரை போய்விட்டு, மறுபடி தலைகீழாகத் திரும்பி வந்தாள். பிறகு பட்டறையில் நடக்கிற கூத்தைச் சொன்னாள். முருகம்மாளின் மருமகள் காலை ஒன்பது மணிக்கு எழுந்து மாமியாரிடமே டீ கேட்கிற கதையைச் சொன்னாள். சுரேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததைக் கேட்டு அவளும் லேசாகச் சிரித்தாள். அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே வந்து விழுந்தபோது அவனுக்குக் கண் கலங்கிப்போயிற்று. ஒரே பாயில் படுத்தும் எட்டாத குரல், இரண்டு ஹெல்மெட்டும் எஞ்சின் சத்தமும் நடுவில் இருக்கும்போது எட்டுகிறது.

வண்டி மான்குர்த் தாண்டியதும் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். எதிரே வாஷிப் பாலம்.

"பேசு பானு, நிறுத்தாத" என்றான். வேலைக்காகத்தான் சொன்னான்.

அவள் வேறு குரலில் ஆரம்பித்தாள். "அன்னைக்கு சாயங்காலம் லதா எங்கிட்ட ஒண்ணு சொன்னா. அப்பாட்ட சொல்லாதம்மான்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னா."

பாலத்தில் துண்டு துண்டாக இணைத்த இடங்களில் வண்டி டக், டக் என்று குதித்தது. ஒரு குதிப்பில் காதுக்குள் கரகரவென்று இரைந்தது.

இங்கேதான் அந்த மனுஷன் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமாகக் கோளாறைத் துரத்தியே பழகிய கை. இரைச்சல் வந்ததும், வந்தியா வா என்று அது தானாகவே இடது தொடைக்குப் பின்னால் போய்விட்டது. அங்கேதான் பின்சீட்டு மைக்கின் பிளக். அதைப் பிடித்து அசைத்தான். இரைச்சல் கூடியது. இங்கேதான், இங்கேதான் என்று மறுபடி திருகினான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்கூட ஒரு கணம் வந்தது. அப்புறம்தான் பின்னால் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது உறைத்தது. பதறிப்போய் பிளக்கை அழுத்திப் பிடித்தான். குரல் திரும்பி வந்தது.

"...அத மட்டும் நான் உங்கட்ட சொல்லியிருந்தா நாளைக்கின்னு சொல்லியிருக்க மாட்டிய. அன்னைக்கே தூக்கிட்டு ஓடியிருப்பிய. நான்தான் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு மட்டும் கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்."

அதோடு முடிந்துவிட்டது. பாலம் முடிந்ததும் ஓரமாக வண்டியை நிறுத்தினான். அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் ஈரம்.

"கேட்டுச்சா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். அதற்குள் அவளே, "இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாதுங்க. ஏசினாலும் சரி, அடிச்சாலும் சரி, அத மட்டும் மறுபடி கேக்காதிய" என்றாள்.

"கேட்டுச்சி" என்றான் சுரேந்திரன்.

"எம்மேல கோவம் இல்லையா?"

"இல்ல."

லாரிகள் காற்றை வாரி இறைத்துக்கொண்டு போகிற அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தான்.

மறுநாள் கடையில் பிளக்கைக் கழற்றினான். உள்ளே ஊசி போன்ற ஒரு முள்ளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. வழக்கமாகப் பம்பாய் மழை செய்கிற வேலைதான். சுரண்டி எடுத்து, முள்ளை மாற்றி இறுக்கினான். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. அதைப் பார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

வீடு மாறிவிட்டது. பானுமதி பேசினாள். லதாப்பா என்று கூப்பிட்டாள், அந்த வார்த்தையைக் கேட்டே எத்தனையோ நாளாகியிருந்தது. லதாவின் படத்தை வெளியே எடுத்துத் துடைத்து மாட்டினாள். ராத்திரி அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். முழித்துக் கிடந்தவன் அவன்தான். லதா என்ன சொல்லியிருப்பாள்? மூத்திரம் போகவில்லை, ரத்தமாகப் போகிறது என்று சொன்னாளா? தலை சுற்றி விழுந்ததை மறைத்தாளா? அப்பாவிடம் சொல்லாதே என்றது ஏன்? வேலையை விட்டுவிட்டு அப்பா ஓடி வந்துவிடுவார் என்றா? இல்லை, வரமாட்டார் என்றா? அவனுக்குத் தெரியாமல் லதா கடைசியாகப் பேசிய பேச்சு அது. தாயின் நெஞ்சுக்குள் இத்தனை காலம் பத்திரமாக இருந்தது. வெளியே வந்த வேளையில் அவனுடைய கையே அதைத் திருகிக் கொன்றுவிட்டது.

பானுமதியையே கேட்டுவிடலாம்தான். ஆனால் அன்று காதில் விழவில்லை என்று சொன்ன நிமிஷமே, கோபம் இல்லை என்று சொன்னதும் பொய்யாகிப் போகும். என்னவென்றே தெரியாத ஒன்றை மன்னித்தேன் என்றவனை எவள் நம்புவாள்? அவள் திரும்பவும் வாயை மூடிக்கொண்டால் இந்த முறை திறக்கவே மாட்டாள். ஒருநாள் சுற்றி வளைத்துப் பார்த்தான். அதைச் சொல்லும்போது லதா எப்படி இருந்தாள் என்று கேட்டான். பானுமதி கொஞ்சம் யோசித்து, "சிரிச்சிட்டேதான் சொன்னா" என்றாள். அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு, வண்டியைச் சாரிடம் கொடுக்கும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டான். அதே ரோடு, அதே பாலம். வண்டி குதித்த இடத்தில்கூடக் காதில் ஒரு கரகரப்பு இல்லை. அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"பேசு பானு" என்றான். "லதா பத்திப் பேசு."

"சொல்ல வேண்டியதயெல்லாம் அன்னைக்கே சொல்லிட்டேன், லதாப்பா" என்றாள் அவள். குரலில் பாரமே இல்லை. "பாட்டு போடுங்க."

அவன் ரேடியோவைப் போட்டான். அப்புறம் இடது கையால் தன்னுடைய மைக்கின் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டான், அழுகிற சத்தம் அவளுக்குப் போகக்கூடாது என்று. பின்னால் அவள் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஒரு எழுத்துக்கூட விடாமல் அவனுக்குக் கேட்டது.