சுபியாவைக் கூப்பிட்ட கிளிகள்

திருத்தணி கடைத்தெருவுக்குப் பின்னால் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் சுபியா. கணவன் ஷகீல் அரக்கோணத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தான். ஒருமுறை யாரோ காட்டில் பிடித்த கிளி ஒன்றை வாங்கிவந்தான். செந்தலைக் கிளி. நாவல்பழச் சாறு ஏறிய சிவப்பில் தலை, கழுத்தில் கறுப்பு வளையம், வால் நுனியில் வெள்ளை. அது வாயே திறக்கவில்லை.

ஷகீல் காமாலையில் செத்துப்போன மறுவாரம் பேசியது.

"சுபி, கதவத் தொற. காலு வலிக்குது."

ரயிலைவிட்டு இறங்கி வந்து வாசலில் நின்று அவன் தினமும் சொன்னது. குரலின் கரகரப்பு, நடுவில் வரும் சின்ன இருமல், எல்லாம் அப்படியே. மாசமாக இருந்த சுபியா எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். யாருமில்லை.

கூண்டின்மேல் துணியைப் போட்டு மூடினாள். துணிக்குள்ளிருந்தும் கூப்பிட்டது. தாங்க முடியாமல் ஒருநாள் ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஏறி, மலையடிவாரத்தில் அதைத் திறந்துவிட்டு வந்தாள்.

மகள் அலீஷா பிறந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் அந்த மலைக்குச் சீத்தாப்பழம் பறிக்கப் போன பக்கத்து வீட்டு வசந்தி, வெளுத்த முகத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, காட்டுல ஒரு ஆம்பள குரலு உன் பேரச் சொல்லிக் கூப்புட்டுகினு கீது. ஆளக் காணோம்."

"கதவத் தொறன்னு சொல்லுச்சா?"

"ஆங். உனக்கெப்டித் தெரியும்?"

மறுநாள் மகளோடு போனாள். காட்டு அத்திமரம் நிறையக் கிளிகள். சாம்பல் தலைப் பெட்டைகள், இன்னும் தலை சிவக்காத இளசுகள். அவள் விட்ட கிளியைக் காணவில்லை. ஓர் இளங்கிளி கழுத்தைச் சாய்த்து, "சுபி" என்றது. மேல்கிளையில் இன்னொன்று "கதவத் தொற" என்றது. சரிவுக்கு அப்பாலிருந்தும் அதே குரல், அதே இருமலோடு. ஷகீலைப் பார்த்தேயிராத குஞ்சுகள். கிளிக்குக் கிளி தொற்றிக்கொண்டு அவன் குரல் காடெங்கும் இருந்தது.

"யாரும்மா அது?"

"உங்கப்பா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள் சுபியா.

அலீஷா அண்ணாந்து கத்தினாள்: "அப்பா, நம்ம வூட்டுக் கதவு தொறந்துதான் கீது!"

மரம் சட்டென்று அடங்கியது. இலைகூட அசையவில்லை. பிறகு மொத்தக் கூட்டமும் எழும்பிப் பள்ளத்தில் இறங்கி மறைந்தது. சுபியா மகளை இழுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினாள்.

அதற்குப் பிறகு மகளை அங்கே கூட்டிப்போவதில்லை. அத்தி பழுக்கும்போது தனியாகப் போகிறாள். கூட்டம் வந்து உட்காரும்வரை மரத்தடியில் காத்திருக்கிறாள். பதில் மட்டும் சொல்வதில்லை.