ரிப்பன் கட்டிய கோபுரம்

வானம் இன்றைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மலைநாட்டு வாங்காயோ பள்ளத்தாக்கிலேயே தனக்கு மட்டும்தான் தெரியும் என்று கிளெமென்டே போமாவுக்கு ஒரு கர்வம். முப்பத்தோரு வருடமாக ஆய்வு நிலையத்தில் அவருக்கு அதுதான் வேலை. கால் மணிக்கொரு தரம் ரேடியோ அலையை மேலே அனுப்பி, அது மேல்வானத்தில் மின்னேறிய அடுக்கான அயனி மண்டலத்தில் எந்த உயரத்தில் முட்டித் திரும்புகிறது என்று குறிக்க வேண்டும். சந்தையில் எல்லோரும் உருளைக்கிழங்கு பேசும்போது இவர், நேற்று முந்நூற்றைம்பது கிலோமீட்டர் என்பார். ஊரார் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மறுபடி உருளைக்கிழங்குக்குப் போவார்கள்.

ஜூலையில் சந்தியாகோ திருவிழாவன்று மாடுகளின் காதில் வண்ண ரிப்பன் கட்டுவது அங்கே வழக்கம். ரிப்பன் கட்டிவிட்டால் அது வீட்டுச் சொத்து; போமா வீட்டில் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த வருடம் பசுக்களை முடித்த கையோடு அவர் மனைவி விக்டோரினா, நிலையத்தில் அலை அனுப்பும் ஆன்டெனாக் கோபுரத்திலும் ஏழு ரிப்பனைக் கட்டிவிட்டாள். வீட்டுக்குச் சோறு போடுவது அதுவும்தானே என்பது அவள் நியாயம்.

அன்று சாயங்காலமே சூரியனிலிருந்து காந்தப் புயல் வந்து மோதியது. வாங்காயோவில் அயனி மண்டலம் அறுநூறு கிலோமீட்டருக்கு ஏறியது. அதே நேரத்தில், உலகத்தின் மறுபக்கத்து நிலையம் ஒன்றில் அது கீழே இறங்கியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்ட, தலைநகர் லிமாவிலிருந்த தலைமை அலுவலகம், வாங்காயோ கருவி பழுது, கழற்றிவிடலாம், போமாவைக் கடலோர நிலையத்துக்கு மாற்றலாம் என்று எழுதியது. மலையில் பிறந்த மனிதர் பயந்தே போனார். கடலோரக் காற்று கஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கும், அதில் எப்படி மூச்சுவிடுவது என்று புலம்பினார்.

பத்து நாள் கழித்துக் கருவியைக் கழற்ற லிமாவிலிருந்து ரெனாட்டோ என்ற இளம் இஞ்சினியர் வந்தார். மலை உயரத்தில் நாலு படி ஏறுவதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. ரிப்பன்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“பழுது என்னன்னு தெரிஞ்சுபோச்சு, கிளெமென்டே ஐயா.”

கிளெமென்டேவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இங்க பொழுது சாயுறப்போ அங்க இன்னும் விடியவே இல்ல, சார். ஒரே புயல்தான். சாயங்காலத்துல இருக்கிற ஊர்ல தூக்கும், விடியாத ஊர்ல அமுக்கும். ரெண்டு ஊரும் ஒண்ணாவே ஏறி எறங்கணும்னா சூரியன்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

அன்றைக்கே இன்னொரு புயல் வருவதாகத் தகவல் இருந்தது. ரிப்பனை அவிழ்த்த பிறகும் உயரம் அதேபோல் ஏறினால் கருவி இங்கேயே இருக்கட்டும் என்றார் ரெனாட்டோ. விக்டோரினா ஏழு ரிப்பனையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வேகவைத்த சோளத்தை மூவரும் கொறித்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள்.

பொழுது சாய்ந்தது. நானூறு. ஐந்நூறு. அறுநூற்றுப் பத்து.

ரெனாட்டோ லிமா உத்தரவில் இருந்த பழுது என்ற வார்த்தையை அடித்துவிட்டு, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலை சுற்றியதால் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். விக்டோரினா கோபுரத்துக்கு ஆறு ரிப்பனைத் திரும்பக் கட்டிவிட்டு வந்து, ஏழாவதை ரெனாட்டோவின் சட்டைப் பொத்தானில் கட்டினாள்.

“இது எதுக்கு, அம்மா?”

“லிமாவுல அடுத்த தடவையும் பழுதுன்னு எழுதுவாங்க. அப்ப நீங்க எங்க வீட்டு ஆளா இருக்கணும்ல.”