அடைத்த குழாய்க்கு வந்தவள்

நானும் லண்டனில் இருக்கும் அக்காவும் முப்பது வருடமாகத் தொலைபேசியில் ஆளுக்கொரு நாட்டை விற்றுக்கொண்டிருந்தோம். அவள் பிரித்தானியாவை விற்பாள், நான் நோர்வேயை விற்பேன். வாங்கத்தான் ஆள் இல்லை.

"எங்கடை வீட்டிலை மூண்டு ரொயிலற்" என்பாள். "எங்கடை குளியலறையிலை நிலமே சூடு" என்பேன். அவள் முருங்கைக்காய், பிலாப்பழம், தேர்த்திருவிழா என்று அடுக்குவாள். நான் ஐந்து கிழமை விடுமுறையையும் பிள்ளைப்பேற்று விடுப்பையும் எடுத்து விடுவேன். அவள் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் ஏறியதை அவள் சொன்னதில்லை. முழங்கால் வைத்தியத்துக்கு நான் எட்டு மாதம் காத்துக் கிடந்ததை நானும் சொன்னதில்லை. வடக்கே ஹம்மர்பெஸ்ட் தொழிற்சாலையில் மீன் வெட்டிய முதல் இரண்டு வருடங்களை "கடலுணவு ஏற்றுமதி" என்று சொல்லி வைத்திருந்தேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கியதும் அது "போக்குவரத்துத் துறை" ஆயிற்று. அத்தான் பெற்றோல் ஷெட்டில் காசாளராக நிற்பதற்கு அக்கா வைத்திருந்த பெயர் "பிஸ்னஸ்". இருவருக்கும் மற்றவரின் புளுகு தெரியும். தெரிந்துகொண்டு ஓம் ஓம் என்போம்.

மகள் விஷயத்தில் மட்டும் அக்கா என்னை நம்பியிருந்தாள்.

மகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் தொழிற்கல்விக்குப் போகிறேன் என்றாள். குழாய் வேலை. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். குழாய் வேலை என்றால் மற்றவர் மலசலகூடத்தில் கை வைக்கிற வேலை. ஊரில் அந்த வேலைக்கு யாரைக் கூப்பிட்டார்கள், அவர்களை எந்தப் பக்கத்தால் வரச் சொன்னார்கள் என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து அக்காவின் மகன் பல்வைத்தியத்துக்கு எடுபட்டிருந்தான். என் மகள் இன்ஜினியரிங் படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டேன்.

"என்ன இன்ஜினியரிங்?"

"தண்ணி சம்பந்தமானது அக்கா."

அந்தப் பொய்யில் தண்ணீர் ஒன்றுதான் உண்மை.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வென்றிருப்பேன். என் மகள் இருபத்து மூன்று வயதில் தன் உழைப்பில் கடன் எடுத்து, எங்களிடமிருந்து மூன்று ஸ்டேஷன் தள்ளிச் சொந்தமாக வீடு வாங்கினாள். அக்காவின் பல்வைத்தியன் முப்பத்தொரு வயதிலும் தாய் வீட்டு மேல்மாடியில், சின்ன வயதுக் கட்டிலில் காலை மடக்கிப் படுக்கிறான். இரண்டு நாட்டையும் ஒப்பிட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தச் சாட்சியைத்தான் நான் ஒளித்து வைத்திருந்தேன்.

போன ஈஸ்டருக்கு அக்கா தனியாக வந்து இறங்கினாள். அத்தானுக்கு பிஸ்னஸை விட்டுவர ஏலாதாம். மகள் வேலையாக ஸ்தவாங்கர் போய்விட்டாள் என்று அக்காவிடம் சொன்னேன். மகளிடம், "மாமி நிக்கிற கிழமை இந்தப் பக்கம் வராதை" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

பெரிய வியாழனன்று எங்கள் புருசெத் பகுதிக் கடைத்தெருவைப் பார்த்து அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஈஸ்டருக்கு எல்லாம் பூட்டுப் போட்டுக் கிடக்கு. உங்கடை நாட்டிலை காசு இருக்கு, வாங்கக் கடை இல்லை." எனக்குச் சுள்ளென்று ஏறியது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சமையல். லண்டனிலிருந்து காவி வந்த தேங்காய் எண்ணெயில் அக்கா பருப்பு வடை சுட்டாள். சாப்பிடும்போது நான் என் பிரசங்கத்தை எடுத்து விட்டேன்: இஞ்சை மந்திரியும் தெருக் கூட்டுகிறவனும் ஒரே வரிசையில் நிற்பார்கள், வேலையை வைத்து ஆளை மதிக்கிற பழக்கம் இந்த நாட்டில் கிடையாது, உங்கடை லண்டனில் அது வராது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

மிஞ்சிய எண்ணெயை அக்கா சுடச்சுடச் சமையலறைத் தொட்டிக்குள் ஊற்றினாள். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது எங்கள் சனத்தில் குழந்தைக்கும் தெரியும். மார்கழியில் போத்தலை வெயிலில் வைத்து உருக்கித்தான் தலைக்கு வைத்தோம். இருந்தும் ஒஸ்லோக் குழாய்க்குள் ஊற்றும்போது இருவருக்கும் அது நினைவு வரவில்லை. நான் பக்கத்தில் நின்று கோப்பை துடைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் தொட்டி நிறைய ஊத்தைத் தண்ணீர். நாட்டில் உள்ள குழாய் வேலைக்காரரெல்லாம் பனியில் சறுக்க மலைக் குடிலுக்குப் போயிருந்தார்கள். முதியோர் இல்லத்து வேலைக்குப் புறப்பட்ட மனைவி என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"நான் பிள்ளைக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன். பத்து மணிக்கு வாறாள்."

"உனக்கென்ன விசரே?"

"மச்சாளுக்கு நீங்களே சொல்லுங்கோ, இதுதான் என்ரை மகள், இதுதான் அவளின்ரை வேலை எண்டு. நீங்கள் ஒளிச்சு வைச்சதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும். இண்டைக்கும் நீங்கள் சொல்லாட்டி அவள் இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டாள்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

சொல்லத்தான் நினைத்தேன். பத்து மணிவரை மூன்று தரம் வாயைத் திறந்தேன். மூன்று தரமும் அக்கா மகனின் புதிய காரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். நீலக் காற்சட்டை, காதுவரை இழுத்த தொப்பி, முகமூடி, கையில் இரும்புப் பெட்டி. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள். அக்கா அவளை நேரில் கண்டது ஐந்து வயதில். அதற்குப் பிறகு கண்டதெல்லாம் கூடத்துச் சுவரில் தொங்கும், பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படம். நெற்றிச்சுட்டியும் பின்னலுமாய் அதில் இருக்கிற பதின்மூன்று வயதுப் பெண்ணை இவளில் தேடினாலும் கிடைக்காது. அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

நான் நோர்வேஜிய மொழியில், "காலை வணக்கம். சமையலறை அந்தப் பக்கம்" என்றேன்.

இந்த வீட்டுக்குள் தமிழைத் தவிர வேறு பாஷை கதைக்கக்கூடாது என்று சட்டம் போட்டவன் நான். நோர்வேஜிய மொழியைச் சப்பாத்தோடு வெளியே கழற்றிவிட்டு வா என்று அவளுக்கு நாலு வயதிலேயே சொன்னவன். அவள் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். பிறகு அதே மொழியில், வாடிக்கையாளரிடம் கேட்கிற மரியாதையோடு, "எப்போதிலிருந்து அடைப்பு?" என்று கேட்டாள்.

அக்கா என் காதுக்குள், "தமிழ்ப் பெட்டையோ?" என்றாள்.

"ஓம் போல கிடக்கு."

"ஐயோ, பொம்பிளைப் பிள்ளையை இந்த வேலைக்கு விட்டிருக்கினம். லண்டனிலை எண்டால் போலந்துக்காரங்கள்தான் வருவாங்கள்." மகள் கால் வைக்கும் இடமெல்லாம் அக்கா பேப்பர் விரித்தாள். சமையலறைச் சுவரில் சாமிப்படத் தட்டு இருந்தது. அதன் திரையை இழுத்து மூடினாள். அந்தத் தட்டைச் சுவரில் பூட்டித் தந்தவள் இப்போது அதற்குக் கீழே முழங்காலில் நின்றாள்.

அரை மணித்தியாலம் வேலை செய்தாள். குழாயைக் கழற்றி, உறைந்த எண்ணெயை வெள்ளை மெழுகுதிரி போலத் துண்டு துண்டாக இழுத்து வாளிக்குள் போட்டாள். அவ்வளவு கெட்டித்தனமாக ஒருவர் வேலை செய்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. என் மகள் குழாய் வேலை செய்வதை நான் பார்த்தது அன்றுதான். பெருமையாக இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும் போல இருக்கிறது.

அவள் பெட்டியை மூடியபோது அக்காவுக்கு இரக்கம் வந்துவிட்டது. மிஞ்சிய வடையில் நாலைப் பேப்பரில் சுற்றி நீட்டினாள், கை கையில் படாமல்.

"பிள்ளை, தமிழ் விளங்குமோ?"

"ஓம்."

"நீர் ஆரின்ரை பிள்ளை? அம்மா அப்பா இஞ்சைதானோ?"

சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் இருந்தது. நான் செய்யவேண்டியதை அவளே செய்து முடிக்கட்டும் என்று சுவரோடு சாய்ந்து நின்றேன்.

"அம்மா இருக்கிறா" என்றாள்.

"அப்ப தகப்பன்? மோசம் போட்டாரோ, உயிரோடை இல்லையோ?"

அவள் வடையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தாள். குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓம் அன்ரி. செத்துக் கன நாள் ஆகேல்லை."

மாமி என்று கூப்பிடவேண்டியவளை அன்ரி என்றுவிட்டுப் படியிறங்கிப் போனாள். அக்கா கதவைச் சாத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியே தம்பி, தகப்பன் எண்டு ஒருத்தன் இருந்திருந்தா இந்தப் பிள்ளையை இப்பிடி விட்டிருப்பானே?"

"விட்டிருக்க மாட்டான் அக்கா" என்றேன்.