தரைக்கடியில் தேடிய உளி

தூத்துக்குடியில் ஒருவர் வீட்டுத் தரையைச் சூடாக்கப் பாடுபட்டார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சித்திரை மாதத்தில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுக்கிற ஊர் இது. என்னோடு துறைமுகத்தில் பைப் வேலை பார்ப்பவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அண்ணாச்சி, அடுத்து பனிக்கட்டிக்கு ஃபேன் போட்ட கதையையும் சொல்லுங்க" என்று சிரித்தார்கள். அதோடு சொல்வதை விட்டுவிட்டேன். எழுதுவது எனக்குக் கொஞ்சம் சுலபம். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். தங்கை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்குக் குளிர் தட்டக்கூடாது என்பதை மட்டும் நர்ஸம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் வீடோ கடற்கரைக்குப் பக்கத்தில், பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் சிமெண்டுத் தரை வியர்க்கும். பாயைத் தூக்கினால் அடிப்பக்கம் நனைந்திருக்கும். அப்பா தோணியில் கொழும்புக்குப் போனவர், காற்று சரியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். அம்மா கரியடுப்பை உள்ளே வைத்துப் பார்த்தாள். கதவைச் சாத்தினால் புகை அடைத்தது. திறந்தால் ஈரக்காற்று வந்தது. தங்கையின் பாதம் அடிக்கடி நீலம் பாரித்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றுவதற்கு முன்னால் நான் அந்தப் பாதத்தைத்தான் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா விடுப்பில் வந்தார். அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர். வந்தவர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார்.

"அக்கா, ஒரு குளிர் தேசத்துல கப்பல் ரிப்பேருக்கு நின்னப்போ ஒரு வீட்டுக்குப் போனேன். வெளிய பனி கொட்டுது, உள்ள எல்லாரும் வெறுங்காலோட நடக்காவ. தரைக்கடியில வெந்நி ஓடுது. புகையும் இல்ல, தீயும் இல்ல."

"இது தூத்துக்குடிலே. சனம் கேட்டா வழிச்சிக்கிட்டுச் சிரிக்கும்" என்றாள் அம்மா.

"சிரிச்சிட்டுப் போட்டும்."

உடைத்த கப்பல் சாமான் விற்கும் கடையிலிருந்து செப்புக் குழாயும் ஒரு சின்ன மோட்டாரும் வந்தன. உள்ளறைத் தரையைக் கொத்தி, ஆற்றுமணல் பரப்பி, குழாயை முறுக்குப் பிழிந்ததுபோல் வளைத்து வளைத்துப் படுக்க வைத்தார். மேலே மறுபடி மணல். அதற்குமேல் கடப்பாக்கல் பாவி, இடுக்குகளைச் சிமெண்டால் பூசினார். கொல்லையில் ஓர் அடுப்பு, அதன்மேல் தண்ணீர் டிரம். மோட்டார் வெந்நீரைச் சுற்றிவிடும். வேலை முடியும்வரை அம்மாவும் தங்கையும் முன்னறையில் கிடந்தார்கள்.

மாமாவின் ஆயுதப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அதனதன் வடிவத்தை வெள்ளைப் பெயிண்டால் வரைந்து வைத்திருப்பார். வேலை முடிந்ததும் அந்தந்த வடிவத்தில் அதது போய்ப் படுக்க வேண்டும். எஞ்சினுக்குள் ஒரு ஸ்பானரை மறந்து மூடிவிட்டால் நடுக்கடலில் என்ன ஆகும் என்று கண்ட மனிதர். உளியின் தலை அடிபட்டு விரிந்திருந்தால் அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் தொடுவார். "இந்தப் பிசிறு தெறிச்சுக் கண்ணுல போச்சுன்னா அம்புட்டுதாம்லே." உளியை எடுத்துக்கொண்டு நடந்தால் கூர் கீழே பார்த்திருக்க வேண்டும், ஓடவே கூடாது. எனக்கென்று தனியாக ஒரு சட்டமும் உண்டு: கேட்காமல் எதையும் தொடக்கூடாது.

கல் பாவி முடிக்கப்போகிற நாளில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பிள்ளையைப் பார்க்க வந்தாள்.

"ஏளா, பச்சப்பிள்ள தலைமாட்டுல ஒரு இரும்பு கெடக்காண்டாமா? காத்து கருப்பு அண்டாம இருக்கும்லா."

"ஜெபமாலை வச்சிருக்கேன், மைனி."

"மாதா ஒரு பக்கம் பாத்துக்கிடட்டும். இரும்பு ஒரு பக்கம் கெடக்கட்டும். ரெண்டும் சண்டையா போடப் போவுது?"

அம்மா சிரித்தாள். வீட்டிலிருந்த அரிவாளை அப்பா தோணிக்குக் கொண்டுபோய்விட்டார், கத்தி ஒன்றுதான், அதுவும் அடுப்படிக்கு வேண்டும் என்றாள். அதோடு மறந்தும் போனாள். எனக்கு மறக்கவில்லை. பாதம் நீலமாவது இதனால்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. இரும்பு வேண்டும். மாமாவின் பெட்டியில், ஒரு சாண்கூட இல்லாத குட்டி உளி ஒன்று இருந்தது. ஆணியையே வெட்டும். இரும்பையே வெட்டுகிற இரும்பைவிடப் பலமானது எது? மாமா கைகழுவப் போன நேரத்தில் எடுத்து, தங்கையின் தலைக்கு வைத்திருந்த பழந்துணி மடிப்புக்குள் செருகிவிட்டேன்.

சாயங்காலம் மாமா பெட்டியை மூடப்போனார். ஒரு வெள்ளை வடிவம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"ஏலே, குட்டி உளியப் பாத்தியா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்கிற ஆட்டம். அவர் கொல்லையைத் தேடினார், கழித்துப்போட்ட கல்லையெல்லாம் புரட்டினார். பிறகு புதுத் தரையின் நடுவில் போய் நின்றுகொண்டு காலடியையே பார்த்தார். உளி தரைக்கடியில் மாட்டிக்கொண்டது என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

விடிந்ததும் கடப்பாரையை எடுத்தார்.

"ஒரு உளிக்காவா போட்ட தரையப் பேக்குத?" என்று அம்மா முன்னறையிலிருந்து கேட்டாள். "பிள்ளைக்கு நேத்தைய விட இன்னைக்குக் காலு சில்லுனு இருக்குலே."

"உளிக்காவ இல்லக்கா. குழா சூடானா நீளும், ஆறுனா சுருங்கும். அசைய அசைய அந்தக் கூர் அறுத்துக்கிட்டே கெடக்கும். ஓட்டை விழுந்தா வெளிய தெரியாது. ஈரத்துமேல பிள்ளையப் போடச் சொல்லுதியா?"

முதல் கல் வந்தது. மணலைக் கையால் அலசினார். இரண்டாவது கல். மூன்றாவது கல். மழை விடவில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கல்லுக்கும் நினைத்தேன். சொன்னால் மாமா அடிப்பார் என்பதுகூட இல்லை, அவர் என்னை அடித்ததே கிடையாது. இரும்பை எடுத்துவிடுவார்களே, எடுத்தபின் தங்கைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் சொல்லவில்லை. நான்காவது கல் இரண்டாகப் பிளந்தது. மாமா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வேறு கல் இல்லை.

நான் முன்னறைக்கு ஓடினேன். அம்மா கண்ணயர்ந்திருந்தாள். தங்கை அவள் மாரோடு ஒட்டிக் கிடந்தாள். தலை துணி மடிப்பிலிருந்து சரிந்திருந்தது. நைந்துபோன துணியைக் கிழித்துக்கொண்டு உளியின் கூர் வெளியே வந்திருந்தது. அவளுடைய உச்சியில், தோல் மட்டும் மூடி, துடித்துக்கொண்டிருக்குமே ஓர் இடம், அதற்கு ஒரு விரற்கடை தள்ளி.

எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. கூர்ப்பக்கமே பிடித்திருக்கிறேன். உள்ளங்கை அறுந்தது வலிக்கவில்லை. உளியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுவரோரமாகப் பெயர்த்திருந்த மணலுக்குள் அதை அழுத்திவிட்டு, "மாமா, இங்கன கெடக்கு" என்றேன்.

அவர் வந்து குனிந்து எடுத்தார். மணலை ஊதிவிட்டு உளியைக் கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே நின்றார். காணாமல் போன பொருள் கிடைத்தால் பெரியவர்கள் இப்படித்தான் செய்வார்கள்போல என்று நினைத்தேன்.

"கெடச்சிட்டுக்கா" என்று முன்னறைப் பக்கம் சத்தம் கொடுத்தார். என்னிடம், "கையக் காட்டுலே" என்றார்.

கழுவித் துணி சுற்றிவிட்டார். எப்படி அறுந்தது என்று கேட்கவில்லை. "எதை எடுத்தாலும் கூர் எங்க இருக்குன்னு பாத்துட்டு எடுக்கணும், என்ன?" என்றார். அவ்வளவுதான். மாமாவை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பிளந்த கல்லை இரண்டு துண்டாகவே ஒட்டவைத்துப் பூசி, இரண்டு நாள் காயவிட்டு அடுப்பை மூட்டினார். தரை மெல்ல மெல்லச் சூடேறியது, வெயில் பட்ட படிக்கல்லைப்போல. அம்மா அதில் பாய் விரித்துப் பிள்ளையோடு படுத்தாள். மறுநாள் காலை தங்கையின் பாதம் வெற்றிலைக்காவி பட்டதுபோல் சிவந்திருந்தது. அன்றைக்கே மாமா கப்பல் எஞ்சினின் பெரிய இரும்பு நட்டு ஒன்றை எடுத்து, முனையெல்லாம் அரத்தால் உருட்டி, அவளுடைய தலைமாட்டில் வைத்தார். பெரியம்மா அவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா இப்போது இல்லை. தங்கைக்குத் தோளுயரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைநாளில், துறைமுகத்தில் ஈரமணலில் விழுந்த ஸ்பானரைக் குனிந்து எடுத்தேன். இரும்பின் சில்லிப்பில் கை விறைத்தது. அப்படியே நின்றுவிட்டேன். ஒரு ராத்திரி முழுக்க ஈரமணலுக்குள் கிடந்த உளி என்றால் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் கொடுத்தது அம்மாவின் மாரோரம், பிள்ளையின் தலைக்கடியில் இருந்து அப்போதுதான் வந்தது. அது கதகதவென்று இருந்திருக்கும், எந்தப் பிள்ளைக்குக் குளிரக்கூடாதென்று தரையைக் கொத்தினாரோ அந்தப் பிள்ளையின் சூட்டில். எடுத்த கணமே மாமாவுக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும்.

ஆனால் கள்ளன் யாரென்று தெரிந்துகொள்ள அதை அவ்வளவு நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.