ஷ்மூனி அக்காவின் தாடை

என் ஓரகத்தி ஷ்மூனி, நாங்கள் குடியேறியிருக்கும் ஃபேர்ஃபீல்டைச் சுற்றி எங்கே தார் போட்டாலும் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்பவள். லாரிக்காரன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டாள். எங்கள் அசிரியக் கல்யாணங்களில் கைகோத்து வரிசையாக ஆடும்போது, கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு முதலில் போவதும் அவள்தான். மேளமும் சுர்னாக் குழலும் கிளம்பிவிட்டால் அந்த இடத்துக்கு வேறு யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். அவளுக்கு அடுத்த ஆளாகக் கைபிடித்து ஆடுவதில் எனக்கு எப்போதுமே ஒரு கர்வம்.

அவளுக்கு மோவாயில் கொஞ்சம் கறுத்த முடி உண்டு. நூல் போட்டு எடுத்துவிடுவாள். நாற்பதை நெருங்கும்போது அலுத்துப்போய், "ஒரேயடியா ஒழிச்சுக் கட்டிடலாம்" என்று கடைத்தொகுதியில் இருந்த லேசர் கடைக்குப் போனாள். வேலையில் வெயில் படக் கூடாதென்று கண் மட்டும் தெரியத் துணி சுற்றிக்கொண்டு ரோட்டில் நின்றாள். அவர்கள் சொன்ன எதையும் மீறவில்லை.

முதலில் முடி உதிர்ந்தது. எனக்கே ஆசை வந்தது. ஆனால் குளிர்காலம் முடிவதற்குள் மோவாயில் போனதெல்லாம் திரும்பி வந்ததோடு, வெறும் பூனைமுடி இருந்த கன்னத்திலும் கழுத்திலும் கருமுடி இறங்கிவிட்டது.

என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். கெய்லி என்ற பெண்தான் அவளுக்கு லேசர் வைத்தவள்.

"கவலைப்படாதீங்க. இன்னும் சில தடவை இலவசமாவே பண்ணித் தர்றோம்" என்றாள் அவள்.

"இருக்கிற காட்டுக்கு இன்னும் உரம் போடப் போறியா? உள்ளதைச் சொல்லு. இது ஏன் இப்படி ஆச்சு?"

கெய்லி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "சில பேருக்குக் குறையாம கூடிடும். உங்க ஊர்ப்பக்கத்து முகங்களுக்கு அது கொஞ்சம் அதிகம்."

"இது உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"வேலைக்குச் சேர்ந்தப்பவே சொன்னாங்க."

"அப்ப எனக்கும் முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா எழுந்துவிட்டாள். பிறகு பார்த்த தோல் டாக்டரும் அதையேதான் சொன்னார்.

அதன்பின் அவள் கல்யாணங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "என் கண்ணுக்கு நீ அப்படியேதான் இருக்கே" என்றார் அவள் புருஷன் யோனான். "முதல்ல கண்ணாடியை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யோனானின் சித்தப்பா மகள் நினோர்த்தாவின் கல்யாணத்தைத் தட்ட முடியவில்லை. வந்தாள், முகத்தில் கனமாகப் பூச்சு, கழுத்தில் துப்பட்டா. ஆட்டம் தொடங்கியும் மேஜையை விட்டு எழவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் முதலில் போனார். இரண்டு சுற்றுக்குள் வரிசை தாறுமாறாகி ஒருவர் காலை ஒருவர் மிதித்தோம்.

நடுவில் அக்காவும் நானும் முகம் கழுவும் அறைக்குப் போனோம். உள்ளே பெண்கள் கூட்டம். ராஹேல் அத்தை உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். வேர்வையில் அக்காவின் பூச்சு கரைந்திருந்தது.

"என்னடி ஷ்மூனி, யோனானோட தாடியை நீ வாங்கிக்கிட்டியா?" என்றார் அத்தை.

அக்கா கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். துப்பட்டாவை அவிழ்த்து என் தோளில் போட்டாள். பூச்சு முழுவதையும் கழுவினாள். இப்போதெல்லாம் கைப்பையிலேயே வைத்திருக்கும் சவரக்கத்தியை எடுத்து, அங்கிருந்த சோப்பைக் குழைத்துத் தாடையில் தடவினாள்.

"ஆமா அத்தை. அவருக்கு ஒழுங்கா வளர மாட்டேங்குது. வீட்டுக்கு ஒருத்தருக்காவது இருக்கட்டுமேன்னுதான்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் நிதானமாக மழிக்கத் தொடங்கினாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு வெள்ளி நிற உடை போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து, "உங்களுக்கும் லேசரா? எனக்கு முதுகுல பண்ணி, இப்ப தோள் வரைக்கும் வந்துடுச்சு. அம்மாகிட்ட கூடச் சொல்லலை" என்றாள். இன்னொருத்தி தன் காதோரத்தைத் திருப்பிக் காட்டினாள். அடுத்த மாதம் லேசருக்கு நாள் குறித்திருந்த ஒருத்தி, கடையில் என்ன கேட்க வேண்டும் என்று விசாரித்தாள்.

ராஹேல் அத்தை தன் மோவாயைத் தடவிப் பார்த்தார். "முடிச்சிட்டு அதை இப்படிக் குடு."

"ஒருத்தர் கத்தியை இன்னொருத்தர் தொடக் கூடாது அத்தை. நாளைக்குப் புதுசா வாங்கித் தர்றேன்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் கையை நீட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் கைக்குட்டையைக் கொடுத்தார். என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டு தோளைக் குலுக்கி முதல் அடி வைத்தாள். வெள்ளி உடைக்காரியும் அத்தையும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து வாசல் வரை போனது.

சவரத்தில் ஒரு இடத்தில் கீறியிருந்தது. அதில் ஒட்டிய காகிதத் துணுக்கு கல்யாண வீடியோ முழுக்கத் தெரிகிறது. வீடியோவில் அந்தத் துணுக்கை மட்டும் அழித்துவிடச் சொல்லட்டுமா என்று நினோர்த்தா கேட்டாளாம். "இருக்கட்டும், என் முகம்தானே" என்றாள் அக்கா.