மேசனின் உயிலும் அம்மாவின் ஃபிரீசரும்

என் அம்மாவின் உயிலை நான்தான் எழுதினேன். நான் சட்டம் படித்தவன் அல்ல, நாவல் படித்தவன். பழைய ஆங்கில நாவல்களில் பாதிக்கு மேல் யாராவது ஒரு கிழவர் சாவார். உறவினர்கள் கறுப்பு உடுப்போடு கூடியிருப்பார்கள். வழக்கறிஞர் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளைப் பிரிப்பார். இதை முப்பது வருடமாக வாசித்த ஒருவனுக்கு ஓர் உயில் எழுத வராதா என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கும் இந்தப் பேச்சை யாராவது எடுத்தால் நான் தேநீர் போடப்போவதாகச் சொல்லி எழும்பிவிடுவேன்.

மாதிரிக்கு என்னிடம் ஓர் உயில் இருந்தது. எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. தம்பி நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புது வீடு வாங்கிய காலத்தில் அவனைப் பார்க்கப்போன வழியில் ஒரு பழைய சாமான் கடைக்குள் நுழைந்தோம். மனைவி மேசை விளக்குப் பார்க்கப் போனாள். நான் சட்டம் போட்ட உயிலோடு வெளியே வந்தேன். விக்டோரியா மகாராணியின் காலத்தில் இங்கிலாந்தில் எங்கோ ஒரு கிராமத்தில் வீடு கட்டும் மேசன் ஒருவர் எழுதிவைத்தது அது.

அந்த மனிதரிடம் மூன்று கொட்டேஜ் இருந்தன. கனடாவில் கொட்டேஜ் என்றால் ஏரிக்கரையில் படகு கட்டிவைக்கும் வசதியான விவகாரம். மேசனுடையவை அப்படியல்ல. தன் கையால் கட்டிய, ஒரே சுவரோடு சுவர் ஒட்டி நின்ற மூன்று சின்ன வீடுகள். கிழக்குப் பக்கம் உள்ளது மூத்த மகனுக்கு, நடுவில் உள்ளது இரண்டாமவனுக்கு, மற்றது கல்யாணமாகாத மகளுக்கு. மணிக்கூடு ஒருவருக்கு, செப்புச்சட்டி இன்னொருவருக்கு. மனைவிக்கு இறகு மெத்தைக் கட்டில், ஆனால் அவள் மறுமணம் செய்யாதிருக்கும் வரைக்கும்தான். கடைசியில், மேலே சொன்னவை போக மிச்சமுள்ள அனைத்தும் இளைய மகனுக்கு. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் இதைச் சாப்பாட்டுக்கு முன் வாசித்துக் காட்டுவேன். எல்லோரும் அமைதியாகக் கேட்பார்கள். பசி அமைதி என்று மனைவி பிறகு விளக்கினாள்.

அதில் என்னை உருக்கிய இடம் ஒன்று உண்டு. அடியில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் அயல் கடைக்காரர், மற்றவர் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் எழுத்தர். சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. பாவம், இத்தனை பிள்ளைகளைப் பெற்றும் கையெழுத்துக்கு ஆளில்லாமல் தெருவில் போனவர்களைக் கூப்பிட்டிருக்கிறாரே மனுசன் என்று நான் பலமுறை இரங்கியிருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குச் சாட்சிக் கையெழுத்து என்பது சின்ன விஷயமல்ல. கல்யாணப் பதிவு எழுத்தில் தன்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை என்று பந்தியில் இருந்து எழும்பிப்போன பெரியப்பா எனக்கு உண்டு. நெருங்கிய சொந்தம் போடுவதுதான் கையெழுத்து. மற்றவர்கள் போடுவது வெறும் மை.

அம்மா வெக்ஸ்போர்ட் பகுதியில், அப்பா விட்டுப்போன வீட்டில் அக்காவோடு இருந்தா. அக்கா கல்யாணம் செய்யவில்லை. விடிய எழும்பி ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவா. பின்னேரம் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தலை வாரிவிடுவா. நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அம்மா மெலிந்துவிட்டா என்று குறை சொல்லிவிட்டு வருவோம்.

"வீடு அவளுக்கு. அதை எழுதிப்போட்டால் நான் நிம்மதியாக் கண்ணை மூடுவன்" என்று அம்மா ஒருநாள் சொன்னா.

எழுதினேன். வீடு அக்காவுக்கு. அப்பாவின் புத்தக அலுமாரி எனக்கு. நிலக்கீழ் அறையில் இருந்த பெரிய ஃபிரீசர் என் மனைவிக்கு. மேசனின் நடையை ஒரு சொல்லும் சிந்தாமல் பின்பற்றினேன். கடைசி வரிக்கு வந்தபோது மேசனின் இளைய மகன் நின்ற இடத்தில் எங்கள் தம்பி நின்றான். மேலே சொன்னவை போக மிச்சமுள்ள அனைத்தும் இளைய மகனுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறிக்குப் பிறகு நான் செருமிவிட்டு வாசித்தேன். அம்மா தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தா. பிறகு குடும்பமே பேனைக்குக் கை நீட்டியது. அக்கா போட்டா. நான் போட்டேன். என் மனைவி, "மூத்த மருமகள் நான் போடாமலோ" என்று கேட்டுப் போட்டாள். தம்பியிடம் பேனையை நீட்டினேன்.

"மிச்சம் வாங்கிறவன் சாட்சியும் போடோணுமோ, அண்ணை?"

"எடேய், அது உயில் பாஷையடா."

"ஓம் ஓம். என்ன மிச்சம் இருக்கு? பின்வளவில ரெண்டு வாளி, பனி தள்ளுற சவள். அதைச் சாட்சி இல்லாமலே எடுக்கலாம்."

ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபக்காரன், ஆறிவிடும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தா. அவ போன பிறகு, செத்தவீட்டு அலுவல்கள் எல்லாம் முடிய, நானும் அக்காவும் உயிலை எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அந்தத் தாள்களை இரண்டு தரம் வாசித்தாள்.

"அங்கிள், இதை ஆர் எழுதினது?"

"நான்தான்" என்றேன், தன்னடக்கத்தோடு.

"லாங்குவேஜ் நல்ல வடிவா இருக்கு. விட்னஸ் மூண்டு பேரும் ஆர்?"

"இவ என்ர அக்கா. மற்றது நான். மற்றது என்ர வைஃப்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். வழக்கறிஞர்கள் கண்ணாடியைக் கழற்றினால் என்ன நடக்கும் என்று நான் வாசித்திருக்கிறேன்.

"விட்னஸா சைன் பண்ணின ஆளுக்கு உயில்ல ஒண்டும் கிடைக்காது, அங்கிள். அவையின்ர ஹஸ்பண்ட், வைஃபுக்கும் கிடைக்காது. எழுதினது செல்லாமல் போயிடும்."

"உது எப்ப வந்த சட்டம்?"

"உது பழசு. விக்டோரியா காலத்தில இங்கிலண்டில கொண்டு வந்தது."

மேசனுக்குத் தெரிந்திருக்கிறது. கடைக்காரரையும் கோயில் எழுத்தரையும் அவர் ஆளில்லாமல் கூப்பிடவில்லை; பிள்ளைகளுக்கு வீடு போய்ச் சேரவேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். இத்தனை வருடம் நான் இரங்கியது என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவனுக்காக.

"அப்ப செல்லாத சாமான் எல்லாம் ஆருக்குப் போகும், பிள்ளை?" என்று அக்கா கேட்டா.

அவள் கடைசி வரியைப் பேனையால் தொட்டாள். "மிச்சம் எல்லாம் இளைய மகனுக்கு எண்டு கிடக்கு. செல்லாதது எல்லாம் இப்ப மிச்சத்துக்குள்ளதான் வரும். வீடும்தான். அவர் மட்டும் சைன் பண்ணேல்லை. நீங்கள் கோர்ட்டில கேட்டுப் பார்க்கலாம், ஆனா தம்பிக்கு எதிராப் போகவேணும்."

அக்கா மடியில் இருந்த கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தா.

"அப்ப நான் எங்க போறது?"

அவ அதை என்னிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. காரில் வரும்போது நான் மூன்று தரம் பேச வாயெடுத்தேன். மூன்று தரமும் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு இருமல் மாதிரித்தான் கேட்டிருக்கும்.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சரி" என்றான். வைத்துவிட்டான். அந்தச் சரிக்கு நாங்கள் எல்லா அர்த்தமும் பார்த்தோம். அவன் வீட்டை விற்கப்போகிறான் என்றாள் மனைவி. அடுத்த முறை நான் போனபோது அக்காவுடைய அலுமாரி வெறுமையாக இருந்தது. உடுப்பெல்லாம் மடித்துப் பெட்டிகளுக்குள். இடியப்ப உரலைக்கூடக் கழுவித் துடைத்துத் தனியே வைத்திருந்தா, அது தம்பியுடையது என்று. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. என் அழகான வசனங்களால் ஒரு மனுசியை அவ சமைக்கும் குசினியிலேயே விருந்தாளியாக்கிவிட்டேன்.

சனிக்கிழமை நானும் மனைவியும் அக்காவோடு நிற்க, தம்பி வந்தான். எங்களோடு பேசாமல் நேரே நிலக்கீழ் அறைக்கு இறங்கினான். நானும் பின்னால் போனேன். ஃபிரீசரின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான். முருங்கை இலை, ஒடியல் மா, மீன் என்று அம்மா கட்டிவைத்த பொதிகள் இன்னும் கிடந்தன.

"அண்ணை, மிச்சம் எண்டு அம்மாவோ சொன்னவ?"

"இல்லை."

"அப்ப?"

"அம்மா உன்னைப் பற்றி வேற ஒண்டும் சொல்லேல்லை. உனக்கு ஒரு குறையும் இல்லை எண்டுதான் சொன்னவ. அந்த வரி... அது சுவரில தொங்குற உயிலில இருந்தது."

அவன் மூடியை மெதுவாகச் சாத்தினான்.

"ஆரோ ஒரு மேசன் தன்ர கடைசிப் பெடியனுக்கு எழுதினதை நீ எனக்கு எழுதினனி."

"ஓம்."

"அம்மா என்னை மிச்சமா நினைச்சா எண்டு நான் ரெண்டு வருஷமா அவவோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நீ ஒருநாள் சொல்லியிருக்கலாம்."

அவன் அம்மாவோடு கதைக்காமல் இருந்தது எனக்குத் தெரியாது. அவனுக்கு வேலை அதிகம், அதுதான் வரவில்லை என்று அம்மா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. அவவும் அதை நம்பினாவா என்று கேட்க இனி ஆளில்லை. நான் படிக்கட்டில் குந்திவிட்டேன். வாசித்த புத்தகங்களில் இதற்கு ஒரு வசனம்கூட இல்லை.

அவன் மேலே ஏறிப்போய் பெட்டிகளைப் பார்த்தான். "உதென்ன அக்கா, எங்க வெளிக்கிடுறாய்?" என்று கேட்டான். அவ பதில் சொல்வதற்குள் ஒரு பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு முன்னால் வைத்தான். "வீடு உன்ர. எனக்கு ஃபிரீசர் போதும், உள்ளுக்குள்ள இருக்கிறதோட."

என் மனைவி வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினாள்.

வீட்டை அக்காவின் பெயருக்கு மாற்றும் கடதாசிகளோடு மீண்டும் அந்த வழக்கறிஞரிடம் போனோம். தம்பி கையெழுத்துப் போட்டு முடித்தான். இனிச் சாட்சி என்றாள் அவள். என் கை தானாகப் பேனைப் பக்கம் போயிற்று. அவள் பேனையை நகர்த்தி வைத்தாள்.

"அங்கிள், நீங்கள் கொஞ்சம் தள்ளி இருங்கோ."

அம்மா செத்த பிறகு தம்பி சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே கார் நிற்பாட்டிய இடத்தில் நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருந்திருக்கவேண்டும். ஒன்றிரண்டு உவமைகூட வந்துவிட்டது. அக்கா கையுறையைப் போட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டா.

"சரியடா, காரைத் திற, குளிருது. வீட்டை போய் அந்தச் சட்டத்தைக் கழட்டிப்போட்டு, தமிழ்க் கடையில சும்மா குடுக்கிற கலண்டர் ஒண்டைக் கொழுவு. அதில திகதியாவது சரியா இருக்கும்."