இழுப்பறைகள் இடம் மாறியபோது

எங்கள் மருந்துக்கடையில் என்னோடு வேலை பார்ப்பவர் அவர்; அவருக்குத் ‘தூங்குமூஞ்சி அக்கா’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

கடையைப் புது இடத்துக்கு மாற்றியபோது நானூறு இழுப்பறைகளின் வரிசையும் மாறியது. மறுநாளே திறப்பு. நான் பட்டியலை வைத்துக்கொண்டு விடிய விடிய உருப்போட்டேன். அக்கா சாயங்காலம் ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து, மருந்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லி மூடினார். பிறகு வீட்டுக்குப் போய் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார்.

காலையில் எனக்கு இருமல் மருந்துகூடக் கண்ணில் படவில்லை. அக்காவோ சீட்டைப் பார்த்தார், நேராகப் போய் எடுத்தார், பெயரைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

“எப்படிக்கா?”

“பகல்ல பாத்ததை நாம தூங்கும்போதுதான் மூளை அடுக்கி வைக்கும். நீ அதை அடுக்க விட்டாத்தானே?”

அப்போது முதலாளி வந்தார். புது வரிசையைப் போட்டவரே அவர்தான். இரண்டு ராத்திரி கண்விழித்து லேபிள் ஒட்டியிருந்தார்.

“ஏம்மா, ஒருத்தர் தெர்மாமீட்டர் கேக்கறார். எங்க வெச்சேன்?”

“நாலாவது வரிசை, கடைசி. எடுத்துக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்குங்க சார். கடையை நான் பாத்துக்கறேன்.”